அதிராவின் நோட்டுப் புத்தகம்

“எந்த மாடிடி அவ வீடு? சொல்லு!”

காரை ஒழுங்காக நிறுத்தக்கூட ஜெகதீஸ்வரிக்குப் பொறுமை இல்லை. ஜெலுத்தோங் ப்ளாட்டின் வாசலில் குறுக்கே விட்டுவிட்டு, மகள் அதிராவின் கையைப் பிடித்து லிஃப்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“வேணாம்மா. மோனிக்கா ஒண்ணும் செய்யலம்மா.”

“பின்ன யாரு? பேரைச் சொல்லு, அங்க போறேன்.”

அதிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாத்தியா, வாயே வராது. பதினாறு வயசாச்சு, ஒரு பேரு சொல்லத் துப்பில்ல!”

ஆறு மாதமாகவே அதிரா ஆளே மாறிப் போயிருந்தாள். கண்ணாடி பார்ப்பதில்லை. யாராவது போனைத் தூக்கிப் படம் எடுத்தால் முகத்தை மூடிக்கொள்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவள், மறுநாளே டீச்சரிடம் போய் அடித்துவிடச் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “எனக்கெல்லாம் வராதும்மா” என்கிறாள்.

பெற்ற வயிறு பற்றி எரியாதா?

இன்று காலை பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தபோது அந்த நோட்டு கீழே விழுந்தது. அட்டையில் மோனிக்காவின் பெயர். உள்ளே அதிராவின் கையெழுத்து. முழுக்க மலாய்.

கறுப்பி. குண்டு. இந்த மூஞ்சிக்கு லிப்ஸ்டிக் ஒரு கேடா. உன் மூளைக்கு டாக்டர் படிப்பு கேக்குதா. உன்னோட வெளிய போனா எனக்குத்தான் வெட்கம்.

பக்கம் பக்கமாக இப்படித்தான். ஒவ்வொரு வரியின் மேலும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு வேறு.

மலாயைப் பார்த்ததுமே ஜெகதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மலாய் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. அங்கே அதிராவுக்கு இருப்பதும் ஒரே ஒரு கூட்டாளி. கூட இருந்தே குழி பறிக்கிற கூட்டாளி!

ஒன்பதாவது மாடியில் கதவைத் திறந்தது மோனிக்காவின் அம்மா ஜூலியானா.

“அட, அதிரா அம்மாவா? வாங்க, வாங்க. டீ போடட்டுமா?”

“டீ குடிக்க வரலைங்க. நீங்க பிள்ளை வளத்த லட்சணத்தைக் காட்ட வந்தேன்.”

நோட்டை மேசைமேல் வீசினாள். ஜூலியானா இரண்டு பக்கம் புரட்டினார். சிரிப்பு போய்விட்டது.

“மோனி! இங்க வா!”

உள்ளேயிருந்து மோனிக்கா வந்தாள். ஒல்லிப் பெண், குளித்த ஈரம் இன்னும் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இதெல்லாம் நீதான சொன்ன?” ஜெகதீஸ்வரி விரலை நீட்டினாள். “காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பத்து மாசம் சுமந்து பெத்த என் பிள்ளைய, நேத்து வந்தவ நீ பேசுவியா? கத்தியில குத்துனா ஆறிடும், வாயில குத்துனா ஆறுமா? கண்ணாடியில மூஞ்சி பாக்கவே பயப்படுறா இவ! உனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?”

“நான் எதுவும் சொல்லல, ஆன்ட்டி.”

“மாதாவைச் சாட்சி வச்சுச் சொல்லு மோனி,” என்றார் ஜூலியானா.

“மாதா சத்தியமா இல்லம்மா.”

“அப்ப இந்தச் சிவப்புக் கோடு யாரு போட்டது?”

“நான்தான், ஆன்ட்டி.”

“கேட்டீங்களா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா!” ஜெகதீஸ்வரி மகளின் பக்கம் திரும்பினாள். “போதும்டி. அடுத்த வாரமே உன்னை புக்கிட் மெர்தாஜாம் ஸ்கூலுக்கு மாத்துறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டுல இருந்து படி. இவ நிழல்கூட உன்மேல படக்கூடாது.”

வாயே வராத அதிரா வீறிட்டாள்.

“இவளும் இல்லாட்டி எனக்கு யாரும்மா இருக்கா?”

“ஏன், பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, கண்ணு தெரியலையா!”

அதிரா சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். மோனிக்கா அவளைப் பார்த்தாள். வேண்டாம், வேண்டாம் என்று அதிரா தலையை ஆட்டினாள்.

“இல்ல அதிரா. இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன்.”

மோனிக்கா நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“யாராச்சும் திட்டினா மனசுல வச்சுக்காத, எழுதி எங்கிட்ட குடுத்துடுன்னு சொல்லி நான்தான் ஆன்ட்டி இந்த நோட்டை இவகிட்ட குடுத்தேன். இவ எழுதிட்டு வருவா. நான் படிச்சிட்டு, இது பொய், இது பொய்னு சிவப்புல அடிச்சிக் குடுப்பேன். ஒரு வரி விடாம அடிப்பேன். அப்புறம்தான் இவ சாப்பிடவே வருவா.”

ஆனால் ஜெகதீஸ்வரியின் ஆத்திரம் எங்கே அடங்கியது?

“சரி, நீ இல்ல. அப்ப என் பிள்ளைய மலாயில இந்தத் திட்டு திட்டுன அந்த நாசமாப் போறவ யாரு? அவ பேரைச் சொல்லு! அவ வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன்!”

மோனிக்கா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“மலாயில யாரும் திட்டல, ஆன்ட்டி. எனக்குத் தமிழ் படிக்க வராதுலா. அதான், வீட்டுல நீங்க திட்டுறதை எல்லாம் இவ மலாயில மாத்தி எழுதுவா.”