இரண்டாவது செப்புச் சுருள்

“அந்த மூலையில வேண்டாமப்பா. முன்பக்கம் எவ்வளவு ஸ்னோ கிடக்கு!” என்றாள் தாட்சாயினி.

“அங்க குழாய் எட்டாது,” என்றான் அவள் கணவன் கஜீவன்.

லொங்குய்ய் நகரில், தங்கள் வீட்டின் பின்வளவில், வேலியோரப் பனிக்குவியலில் செப்புச் சுருளைப் புதைத்தான். பியருக்காகக் கொதிக்கவைத்த பார்லிச் சாறு அதற்குள் ஓடும்போது, சூட்டையெல்லாம் பனி வாங்கிக்கொள்ளும். தண்ணீர்ச் செலவே இல்லை.

“முதல் சுருளை அந்த மாதவன் களவெடுத்திராட்டி, இதை எப்பவோ செய்திருப்பன்.”

மாதவன் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த மாணவன். வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு ஒன்று அவனிடமும் இருந்தது. “சத்தியமா நான் எடுக்கல அண்ணா,” என்று அழுதவனை, ஜனவரிக் குளிரில் பெட்டியோடு வெளியே அனுப்பியிருந்தான் கஜீவன்.

தாட்சாயினி வேலியோரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பம்ப் ஓடியது. மறுமுனையில் சாறு குளிர்ந்து வந்தது.

“பாத்தீரே, வேலை செய்யுது!”

பனி கரையக் கரையச் சுருள் கீழே இறங்கி, ‘டங்’ என்று எதிலோ முட்டியது. கஜீவன் குனிந்து பார்த்தான். அடியில் இன்னொரு செப்புச் சுருள். அதன் மூட்டில், அவன் கையால் சுற்றிய அதே மஞ்சள் டேப்.

விறைத்துப்போய் மனைவியைப் பார்த்தான்.

“இது இல்லாட்டி பியரை விட்டிடுவியள் எண்டுதான் ஒளிச்சனான்,” என்றாள்.

“அவனை வீட்டை விட்டுக் கலைக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே!”

“திறப்பு என்னட்டையும்தானே இருந்தது. என்னை நீங்கள் ஒருக்கால்கூடக் கேக்கேல்லையே.”