கடுகளவு சிவப்பு

"ஒரு கடுகளவு போதும் அண்ணே. ஓரத்துல, யாருக்கும் தெரியாத இடத்துல கிள்ளிக்கறேன்."

அருங்காட்சியகக் காப்பாளர் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போட வந்த நர்ஸைப் பார்ப்பதுபோல் ஆய்வு மாணவியைப் பார்த்தார்.

"முதல்ல படிவம் இல்லன்னீங்க, கொண்டுவந்தேன். அப்புறம் இயக்குநர் கையெழுத்துன்னீங்க, வாங்கினேன். அப்புறம் பூச்சிமருந்து வாடை போகட்டும்னீங்க, போயிடுச்சு. இன்னைக்கு என்ன அண்ணே?"

"அலமாரி சாவி மக்கர் பண்ணுது மேடம்."

"தாள் உங்க கையிலதானே இருக்கு?"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

தாளில் இருந்தது ஒரு சிவப்புக் கடற்பாசி. இந்த வகைப் பாசியைப் பதப்படுத்துவது அழகான வேலை. தட்டில் நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து மெல்லத் தூக்க வேண்டும். மேலே துணி போட்டு அழுத்திக் காயவைத்தால், பாசியின் கொழகொழப்பே அதைத் தாளோடு ஒட்டிவிடும். பசையே வேண்டாம்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரே குடாவில் சேகரித்து இப்படி ஒட்டிய நாற்பத்தொரு தாள்கள் இந்த அறையின் இரும்பு அலமாரியில் இருந்தன. குடா இருந்த இடத்தில் இப்போது துறைமுகம். இனி அந்தப் பாசியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும்.

மாணவி மூன்று ஆண்டுகளாக இங்கே வந்தாள். உறையைப் பிரிக்கக் கூடாது என்பது காப்பாளரின் சட்டம். அதனால் கண்ணாடித்தாள் உறையின் மேலேயே ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கிளையையும் அளந்தாள்.

கடலில் வளரும் எதுவும் அத்தனை ஒழுங்காக வளராது. அலை அடிக்கும், மீன் கடிக்கும். இந்தப் பாசியோ நாற்பத்தொரு தாளிலும் இம்மி பிசகாமல் ஒரே கோணத்தில் கிளை பிரிந்திருந்தது. இது வேறெங்கும் இல்லாத புது இனம் என்று அவள் கட்டுரை எழுதியதே அதை வைத்துத்தான்.

ஆய்விதழ் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. மரபணுச் சோதனைக்கு ஒரு துணுக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் கட்டுரை போச்சு, பட்டமும் போச்சு. இன்று வியாழன், மணி நாலு.

போன் அடித்தது. அம்மா.

"பாசிக்கு என் பேர வச்சாச்சாடி? உங்க அத்தை தினம் கேட்டு மானத்த வாங்கறா."

"இன்னும் இல்லம்மா."

"ஊரெல்லாம் சொல்லிட்டேன்டி."

"யாரு சொல்லச் சொன்னா?" என்று போனை வைத்தாள். அதே சூட்டோடு காப்பாளரிடம் திரும்பினாள்.

"அண்ணே, ரெண்டுல ஒண்ணு. தாளக் கீழ வைக்கறீங்களா, இயக்குநரக் கூட்டிட்டு வரவா?"

அவர் தாளை மேசைமேல் வைத்தார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

உறையைப் பிரித்தாள். காய்ந்த பாசியை அப்படியே வெட்டினால் நொறுங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஊறி, உயிர் வந்ததுபோல் உப்பும். அப்போது பிளேடு வைக்க வேண்டும். டிராப்பரால் ஒரு சொட்டு விட்டாள்.

பாசி உப்பவில்லை. சிவப்பு கரைந்து தாளில் பரவியது. கரைந்த இடத்தில், அடியில், ஒரு பென்சில் கோடு தெரிந்தது.

"என்ன அண்ணே இது?"

காப்பாளர் முக்காலியில் உட்கார்ந்தார். "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கூரை ஒழுகிச்சு மேடம். பூஞ்சை புடிச்சு பாசி பொடியாப் போச்சு. வெளிய சொன்னா வேலை போயிடும். எனக்கு அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. ஒரு போட்டோவப் பாத்து வாட்டர் கலர்ல வரைஞ்சு வச்சேன்."

கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கூரியர் ஐந்து மணிக்கு மூடிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணு போனாப் போகுது. இன்னும் நாப்பது இருக்கு."

திறந்தே கிடந்த அலமாரியிலிருந்து அடுத்த தாளை எடுத்தாள். உறையைப் பிரித்தாள். டிராப்பரைத் தண்ணீரில் முக்கினாள்.

காப்பாளர் எழுந்து வந்து தன் உள்ளங்கையை அந்தத் தாளுக்கு மேல் குடைபோல் விரித்தார்.

"எதுலயுமே தண்ணி படக்கூடாதும்மா."