பூட்டின் மேல் அரக்கு

டெல்லி முனிர்கா சந்தில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. என் மருமகள் ப்ரீதாவின் இட்லிக் கடை ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்குகிறது. குடியிருப்புப் பகுதியில் வியாபாரம் கூடாதாம். சீல் வைக்க வந்த அதிகாரி பூட்டருகே குனிந்து, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்குகிறார். "அண்ணா, காலையில அரைச்ச மாவு உள்ளே இருக்கு, அதை மட்டும் எடுத்துக்கறேன்" என்று ப்ரீதா ஹிந்தியில் கெஞ்சுகிறாள். "ஆர்டர் நஹீ ஹை" என்கிறார், நிமிராமலே. உத்தரவு இல்லையாம். போன வாரம் இதே கடையில் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கியவர். காலித் தூக்குகளோடு நிற்கும் மாணவர்களில் ஒருத்தியான சுபாஷிணி என்னிடம் வருகிறாள். "மாமா, நீங்க மினிஸ்ட்ரியில டைரக்டரா இருந்தவராச்சே, ஒரு போன் போட்டா திறந்துட மாட்டாளா?" திறந்துவிடுவார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தி உழைத்து விற்கிறாள், பசித்தவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். நடுவே அரசாங்கத்துக்கு என்ன வேலை? அதன் தயவில் திறக்கும் கடை எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். "இட்லி விக்கறதுக்கு யார் காலிலும் விழ வேண்டாம்" என்கிறேன், முதுகை நிமிர்த்தி. "உங்க மானத்துக்கு நாளைக்கு என்ன தொட்டுக்கறது, அப்பா?" என்கிறாள் ப்ரீதா, என்னைப் பார்க்காமல். சட்டைப்பையில் கைப்பேசி கனக்கிறது. நான் அதை எடுக்கவில்லை. சிவந்த அரக்கு சொட்டி, பூட்டின் மேல் இறுகுகிறது. ஷட்டரின் அடியிலிருந்து, புளிக்கத் தொடங்கிவிட்ட மாவின் வாசனை மட்டும் யாரையும் கேட்காமல் சந்துக்குள் வருகிறது.