கையெழுத்துப் போடாதை

"தங்கச்சி, கெதியாச் சொல்லு! 'கையெழுத்துப் போடாதை' எண்டு ஸ்பானிஷில எப்பிடி?"

1987. லண்டன் தடுப்பு முகாமின் டெலிபோனில் யோகராஜா பதறினான்.

மறுமுனையில், தெற்கு லண்டன் ஸ்ட்ரெதம் வீட்டிலிருந்து, மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கும் சிவனேஸ்வரி சிரித்தாள். "ஃபிர்மார். கடைசி 'ஆர்' போய் 'எஸ்' வரும். நோ ஃபிர்மெஸ்."

"'பதில் சொல்லாதை'?"

"ரெஸ்பொந்தேர். 'ஏர்' எண்டால் 'ஆஸ்'. நோ ரெஸ்பொந்தாஸ். ஆருக்கண்ணை இந்த அவசரம்?"

"பக்கத்துக் கட்டில் கொலம்பியனுக்கு. ஒபிசர் பேப்பரோட வாறான். ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதமெண்டு அதில கிடக்கு. இவனுக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலாது."

"நீங்கள் வாசிச்சுப் பிடிச்சிட்டியள், கெட்டிக்காரன்தான்! கெதியில வெளிய வந்திடுவியள் எண்டு அம்மாவுக்குச் சொல்லட்டே?"

"சொல்லாதை. நேற்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை வாசிச்சனான்."