தேடிப் பார்த்த வரையில்

நீள மேசையின் தலைப்பக்கம் ஆய்வுக்கூட இயக்குநர், அவருக்கு இடப்புறம் கருவிப் பொறியாளர், கதவோரம் செயலாளர், எதிரே கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நிரலாளர்.

"இன்னொரு கூடத்துல புதுத் துகள் கண்டுபிடிச்சிருக்காங்களாம். நம்ம கருவியோட பதிவுலயும் அது தென்பட்டாத்தான் சரிபார்க்கிற குழு ஒத்துக்கும்," என்றார் இயக்குநர்.

கண்டுபிடித்தவள் நிரலாளரின் உடன்பிறந்த தங்கை. எட்டு வருட உழைப்பு. பொய்த்தால் வேலையும் போய்விடும். "ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும்க்கா," என்று காலையில் போனில் அழுதிருந்தாள்.

"நல்லாத் தேடினியாம்மா?" என்று இயக்குநர் நிரலாளரைக் கேட்டார்.

"மூணு தடவை தேடிட்டேன் சார். ஒண்ணுகூட இல்ல."

"தங்கச்சிக்காக ரெண்டு மூணு முளைச்சிடுமோன்னு பயந்தேன்," என்று பொறியாளர் சிரித்தார்.

"சும்மா இருய்யா!" என்றார் இயக்குநர். "அவ நேர்மைக்கு நான் பொறுப்பு. குப்பையை இவ்வளவு சுத்தமா சலிக்கிற புரோகிராம் வேற எவன்கிட்ட இருக்கு?"

'எங்கள் பதிவுகளில் தேடிப் பார்த்த வரையில் அப்படி எதுவும் இல்லை' என்று செயலாளர் குழுவுக்குத் தட்டச்சு செய்து நீட்டிய கடிதத்தில் நிரலாளர் கையெழுத்திட்டாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

துகள்கள் மோதும்போது எதைப் பதிவது, எதை அந்தக் கணமே அழிப்பது என்று முடிவு செய்வது அவளுடைய புரோகிராம். தங்கை கண்ட துகள் விட்டுச்செல்லும் தடத்தைப் போன்றதெல்லாம் கருவிக் கோளாறு, வந்தால் அழித்துவிடு என்று அதற்கு அவளே கற்றுக்கொடுத்திருந்தாள். தன் தவறு நேற்று மதியம்தான் அவளுக்கே தெரிந்தது. அழிந்தவை இனித் திரும்பாது. சொன்னால் அவள் நாற்காலியும் மிஞ்சாது.

"உறையை ஒட்டிட்டேன். அனுப்பிடட்டுமாம்மா?" என்றார் செயலாளர்.

"அனுப்பிடுங்க."