ஆயில் கறை

"ராத்திரி வாசல்ல நிறுத்தின வண்டி, விடிஞ்சு பார்த்தா இடம் மாறி நிக்குதுப்பா. ஆயில் கறை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்!" என்றார் டீச்சரம்மா.

ஒர்க்‌ஷாப் லிஃப்ட்டில் ஏற்றியிருந்த காரை மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார். ஒரு காலத்தில் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்த வெளிநாட்டு வண்டி. டீச்சரம்மாவின் மகன் ஆசை ஆசையாக வாங்கியது. அவன் இல்லாமல் போன பிறகு அம்மாதான் ஓட்டுகிறார்.

"ஆயில் தொட்டியை அடைக்கிற ரப்பர் கேஸ்கட் காஞ்சு வெடிச்சிருக்கும்மா. அதான் அடியில சொட்டுது. புதுசு மாத்திட்டா ஒரு பொட்டுகூட விழாது."

"மாத்திடுப்பா. வாசலெல்லாம் பாழாகுது."

ஆயிலை வடியவிட்டு, சக்கரத்துப் பக்கம் டார்ச் அடித்தவர் திகைத்தார். இடுக்கு முழுக்க ஈர மணல். பச்சைப் பாசி வேறு கொத்தாகத் தொங்கியது.

"தண்ணிக்குள்ள ஏதும் இறக்கினீங்களாம்மா?"

"நானா? கடைத்தெருவைத் தாண்டி நான் போறதே இல்லையே!" டீச்சரம்மா குரலைத் தாழ்த்தினார். "சாவி என் தலகாணிக்கு அடியிலதான் இருக்கு. ஆனா என் மருமக செருப்பைப் பாரு, ஒரே சேறு. கண்ணு கோவைப்பழமா செவந்து கெடக்கு. கேட்டா வாயைத் திறக்கணுமே!"

வாசலருகே நின்றிருந்த மருமகளுக்கு அது கேட்டுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சரம்மா முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனதும், விறுவிறுவென்று காருக்கு அடியில் வந்தாள்.

"அண்ணே, கேஸ்கட்டை மாத்தாதீங்க. மாத்தியாச்சுன்னு சொல்லிடுங்க. ஆயில் குறைஞ்சா நானே ஊத்திக்கறேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஓஹோ! அப்போ வண்டியை எடுத்துட்டுப் போறது நீதானாம்மா?"

"திரும்பக் கொண்டு வர்றது மட்டும்தான் நான்."

"அப்போ எடுத்துட்டுப் போறது யாரு?"

பின்கட்டில் தண்ணீர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அத்தைதான். என் வீட்டுக்காரரை ஆறு அடிச்சுட்டுப் போச்சு, உடம்பு கிடைக்கவே இல்லை. தூக்கத்துலயே எழுந்து, ஆத்தோரமா ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு இடத்துல வண்டியைத் தண்ணியில இறக்கி நிறுத்திட்டு, அவரைக் கூப்பிட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. விடிஞ்சா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. சொன்னா தாங்க மாட்டாங்க, என்னையே சந்தேகப்பட்டுட்டுப் போகட்டும்."

மெக்கானிக் சக்கரத்துப் பாசியை இன்னொரு முறை பார்த்தார். "சாவியை ஒளிச்சு வைக்கக் கூடாதாம்மா?"

"வெச்சுப் பார்த்தேன் அண்ணே, நடந்தே போயிட்டாங்க. நடந்து போனா ரோட்டுல ஆயில் சொட்டாதே, நான் எதைப் பார்த்துப் பின்னால போய்த் தேடுறது?"