தெர்மெஸ்காரி

தைமூர் சமாதியின் வாசலில் டிக்கெட் கிழிப்பவள் மத்லூபாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பேச்சு நம்ம சமர்கண்ட் பேச்சு. தலையில வெளியூர்க்காரி மாதிரி தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. வீட்டுல மருமகளோட சண்டையாக்கா?”

“சண்டை போட மருமகளுக்கு எங்கே போவேன்? இன்னிக்கு லீவு. ஊரைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

மத்லூபாவுக்கு நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இந்த நீலக் கூரையைத் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிவந்தார்கள். அப்போது சுற்றிலும் சாரம் கட்டியிருந்தது.

முற்றத்து பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக் கூட்டங்கள் வந்தன, போயின. சைகையில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர்களுடைய போனில் படம் எடுத்துக் கொடுத்தாள். உங்களை எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் சனிக்கிழமை. மாலை விருந்துக்கு முன்னால் ஊரின் மணமக்கள் எல்லாம் இந்தச் சுவர்களுக்கு முன்னால் வந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அங்கே இரண்டு ஜோடிகள் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். மத்லூபா மணியைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

பீபி கானும் மசூதிக்கு அடுத்த சந்தையில் ஒரு சம்சா கேட்டாள்.

“ஒண்ணா?” என்றான் அடுப்புக்காரன். “ஒத்தை சம்சாவை நான் யாருக்கும் வித்ததில்லை. ரெண்டா வாங்கிக்குங்க, ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும்.”

சிரித்துக்கொண்டே இரண்டு வாங்கினாள். ஒன்றுதான் இறங்கியது.

மசூதி முற்றத்தில் மூன்று மணப்பெண்கள். ஒருத்தியின் முக்காடு ரோஜா முள்ளில் மாட்டிக்கொண்டது. மத்லூபா சட்டென்று எழுந்தாள். அந்தப் பெண் திரும்பியதும் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது. ஃபெர்கானாவிலிருந்து வந்த கூட்டத்துக்கு ஒரு வழிகாட்டிப் பெண் வாசல் வளைவில் வரைந்திருக்கும் புலிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். மத்லூபாவும் ஓரமாக நின்று கேட்டாள்.

“கூட வந்தவங்களைத் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள் வழிகாட்டி.

“இல்லம்மா. தனியாத்தான்.”

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வெள்ளைக் கார் வந்து நின்றது. மணப்பெண் இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் நான்கு தோழிகளும்.

“ஃபரங்கிஸ், முகத்தைத் தூக்கும்மா!” என்று கத்தினான் படமெடுப்பவன். “தரையில என்ன தேடறே? மாப்பிள்ளை இங்கதான் நிக்கிறார்!”

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மத்லூபா எழுந்திருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி ஃபரங்கிஸ் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. சரியாக அவள் பக்கத்தில் நின்றாள்.

“என்ன பெரியம்மா, தனியாவா வந்திருக்கீங்க?”

“ஆமா.”

“எந்த ஊரு?”

“தெர்மெஸ்.” மத்லூபா தெர்மெஸுக்குப் போனதே இல்லை.

“அவ்வளவு தூரமா! அப்ப எனக்கு ஒரு துஆ செய்யுங்க. பயணத்துல இருக்கிறவங்க கேட்டா ஆண்டவன் இல்லைன்னு சொல்ல மாட்டான்னு எங்கம்மா சொல்வாங்க.”

மத்லூபா இரண்டு கைகளையும் ஏந்தினாள். எல்லோரும் ஏந்தினார்கள். மாப்பிள்ளை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

நீண்ட ஆயுள், நிறைந்த வீடு, ஆரோக்கியமான பிள்ளைகள். எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது.

ஆமீன் என்று எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவி எடுத்தார்கள். மத்லூபாவின் கைகள் முகத்திலிருந்து இறங்கச் சற்று நேரமாயிற்று.

“ஏய், பெரியம்மா அழுறாங்கடி” என்றாள் ஒரு தோழி.

“கல்யாணப் பொண்ணைப் பார்த்தா எல்லாப் பெரியம்மாவும்தான் அழுவாங்க. நீங்க வாங்க, ஒரு படம் எடுத்துக்கலாம்.” ஃபரங்கிஸ் தன் கையை அவள் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

அந்தக் கை சில்லென்றிருந்தது.

“குளிருதா?”

“கொஞ்சம்.”

வேறு எதுவும் மத்லூபா கேட்கவில்லை. இந்தப் பக்கம் பாருங்கள் என்று படமெடுப்பவன் சொல்லும்வரை அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு தோழி அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டாள். கார் கிளம்பிவிட்டது.

பஸ்ஸில் போகும்போது படம் வந்தது. கீழே, ‘தெர்மெஸ் பெரியம்மாவுக்கு, அன்புடன் ஃபரங்கிஸ்’ என்று எழுதியிருந்தது.

இந்நேரம் விருந்து தொடங்கியிருக்கும். மண்டபத்துக்கு மத்லூபா போக முடியாது. தலாக் சொன்னவன் அங்கே இருப்பான். பிள்ளையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திய மாமியார் இருப்பாள். பின்னால் வந்து அந்தப் பிள்ளையை வளர்த்தவளும் இருப்பாள். படமெடுக்கச் சின்னஞ்சிறுசுகள்தான் வருவார்கள், அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. எந்த இடத்துக்கு எப்போது வருவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

இருவரும் சேர்ந்திருக்கும் படம் இதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் எடுத்திருந்தார்கள். அதில் ஃபரங்கிஸ் வாயில் பிஸ்கட்டோடு அவள் இடுப்பில் இருந்தாள்.